இலைகளுக்கு வாங்கிய ஐஸ்

வாசலில் ஆட்டோ நின்றதுமே யாரோ அவள் கையிலிருந்த தெர்மாகோல் பெட்டியை வாங்கிக்கொண்டார்கள்.

அவளும் கொடுத்துவிட்டாள்.

அப்பாவைக் கூடத்தில் பெஞ்சின்மேல் கிடத்தியிருந்தார்கள். சித்திரை வெயில். டவுனிலிருந்து வரவேண்டிய ஃப்ரீசர் பெட்டி இன்னும் வந்து சேரவில்லை.

அவள் காலருகே உட்கார்ந்தாள். பாதத்தைத் தொட்டாள்.

பின்னால் மூடி திறக்கும் சத்தம்.

சித்தப்பா பெட்டிக்குள்ளிருந்து பிளாஸ்டிக் பைகளை எடுத்துத் தரையில் போட்டார். அடியில் இருந்த ஐஸ் கட்டிகளைத் துண்டில் முடிந்து அப்பாவின் இரு விலாவிலும் வைத்தார்.

பைகளுக்குள் ஈரத்தாளில் சுற்றிய இலைகள்.

அவள் அவற்றைத்தான் பார்த்தாள்.

மலையில் அவள் பறித்தவை. உலகத்துக் காடுகளின் இலைகளையெல்லாம் நிறுத்து, பரப்பளந்து, ஒரே வரைபடத்தில் சேர்க்கும் குழுவில் அவளும் ஒருத்தி. மழை பொய்த்தால் எந்தக் காடு தாங்கும், எது கருகும் என்று கணக்கிட அந்தப் படம் வேண்டும். அவள் ஊர் மலை இருக்கவேண்டிய இடம் அதில் வெறுமையாக இருந்தது.

வாடிய இலையை அளந்தால் அளவு பொய்யாகிவிடும்.

காலையில் அண்ணன் போன் செய்தான். அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது, உடனே கிளம்பு என்றான். கிளம்பிவிட்டேன் என்றாள்.

சொல்லிவிட்டு, மிச்சமிருந்த மரங்களிலும் பறித்து முடித்தாள். பிறகுதான் இறங்கினாள். அடிவாரக் கடையில் ஐஸ் உடைத்துத் தரும்வரை நின்றாள்.

அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான் அடுத்த போன் வந்தது.

அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தன பேரு இருக்கோம், ஒருத்தருக்கும் தோணல. எம்மவளுக்குத்தான் தோணிருக்கு. அப்பாவுக்குன்னு ஐஸ் வாங்கிட்டு வந்திருக்கா பாருங்க."

கூடத்தில் இருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள்.

அண்ணன் தலை குனிந்துகொண்டான். அப்பா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து குளிப்பாட்டியதும் ஊட்டியதும் அவன்தான்.

இல்லம்மா என்று சொல்ல வாயெடுத்தாள்.

அம்மாவின் கை இன்னும் தோளில் இருந்தது.



இடைஞ்சலாகக் கிடந்த பைகளை யாரோ அள்ளிக் கொல்லைப்பக்கம் கொண்டுபோனார்கள். அவள் கொஞ்ச நேரம் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்தாள்.

துவைகல்லின் மேல் பைகள் வெயிலில் கிடந்தன. ஒன்றைப் பிரித்தாள். இலையின் ஓரம் சுருளத் தொடங்கியிருந்தது. நடுவில் விறைப்பு குறையவில்லை.

திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை.

பைகளை இறுக மூடித் தொட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தினாள். மிதக்காமல் இருக்க ஒரு கல்லை வைத்தாள். மேலே பலகையை இழுத்து மூடினாள்.

குடத்தை நிரப்பிக்கொண்டு நிமிர்ந்தபோது அண்ணன் பின்வாசலில் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

குடத்தை அவள் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டான். முழங்கைக்கு மேல்வரை நனைந்திருந்த அவளுடைய சட்டைக் கையைப் பார்த்தான்.

"நீ போயி அப்பாகிட்ட இரு" என்றான்.