கடைசி யாரு?

உலகத்தில் சமத்துவம் மிச்சமிருக்கும் ஒரே இடம் தன்னுடைய சலூன்தான் என்று சலூன்காரர் அறிவிக்கிறார். தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறிகூட மறுப்புச் சொல்லவில்லை. "இங்க எவன் வந்தாலும் 'கடைசி யாரு'ன்னு கேட்டுட்டுத்தான் உட்காரணும். கோடீஸ்வரனுக்கும் இதே பெஞ்சுதான்." கையிலிருக்கும் கத்தரி கிச்கிச்சென்று ஆமோதிக்கிறது. மூலைத் தொலைக்காட்சியில் ஒரு நடிகரின் மகன், தன் முதல் படத்தைப் பார்க்க, வெயிலில் நிற்கும் ரசிகர் வரிசையைத் தாண்டித் திரையரங்குக்குள் போகிறான். மேலாளர் தன் கைக்குட்டையாலேயே அவனுக்கு இருக்கையைத் துடைத்துக் கொடுக்கிறார். "பாருங்கண்ணே, அந்த மேனேஜர் முதுகெலும்பை எங்க கழட்டி வச்சிட்டு வந்தான்னு தெரியல," என்கிறார் சலூன்காரர். பெஞ்சு சிரிக்கிறது. அடுத்தது தன் முறை என்பதால் மூக்குக்கண்ணாடிக்காரர் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைக்கிறார். நாற்காலி காலியாகும்போது கதவு திறக்கிறது. கட்டட உரிமையாளர். கடையைக் காலி செய்ய வேண்டுமா, இன்னும் ஒரு வருடம் இருக்கலாமா என்று இந்த வாரம் சொல்வதாக இருப்பவர். கடைசி யாரென்று அவர் கேட்கவில்லை. மிச்சமிருக்கும் நாலு முடியைத் தடவிக்கொண்டு நாற்காலியைப் பார்க்கிறார். எழுந்துகொண்டிருந்த மூக்குக்கண்ணாடிக்காரர் பாதியில் நிற்கிறார். "அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம்," என்று சலூன்காரர் அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார். அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்து மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார். சலூன்காரர் தொலைக்காட்சியை அணைக்கிறார். நாற்காலியில் ஒட்டியிருக்கும் முடியைத் துண்டால் தட்டுகிறார். போதவில்லை என்று தோன்றுகிறது. குனிந்து, பைக்குள்ளிருந்து தன் கைக்குட்டையை எடுக்கிறார்.