மூச்சு வாங்காமல்

"பவளம் வந்து எறங்குறப்ப யாரும் கண்ணக் கசக்கக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்" என்றார் மருந்து கொடுக்கும் டிரெசர் அமல்தாஸ். தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் நின்ற பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

"எத்தன நாளைக்குங்க மறைக்கிறது?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு.

"ஒரு வாரமாவது போகட்டும்லா. கோலாலம்பூரு டாக்டரே போன்ல சொன்னாரு. இப்பத்தான் நெஞ்சுல வேல பாத்திருக்கு. தாங்க மாட்டா."

கங்காணி செல்லையா அவளை அழைத்துவர எஸ்டேட் வேனில் ஏறி, மலையடிவாரத்துத் தாப்பாவுக்குப் புறப்பட்டார்.

பவளத்துக்கு முப்பத்தெட்டு வயது. சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கி வந்த காய்ச்சல், இதயத்தின் வால்வு ஒன்றைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. சாலையிலிருந்து அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு எண்பது படி. ஐந்து இடத்தில் உட்கார்ந்துதான் ஏறுவாள். கூட வரும் புருஷன் இருளப்பனும், தனக்கும் மூச்சு வாங்குவதுபோல, அதே ஐந்து இடத்தில் உட்காருவான். பிள்ளைகள் இல்லை. அவளுக்கு அவன், அவனுக்கு அவள்.

நெஞ்சைப் பிளக்க வேண்டும் என்று ஏழு வருஷத்துக்கு முன்பே டாக்டர்கள் சொன்னார்கள். அவள் மாட்டவே மாட்டேன் என்றுவிட்டாள். இந்த எண்பத்தொன்பதாம் வருஷம்தான் இருளப்பன் தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து சிரித்துக்கொண்டே ஓடிவந்தான்.

"கத்தியே இல்லலா! தொடையில சின்னதா ஒரு ஓட்ட. அது வழியா நெஞ்சு வரைக்கும் கொழாய விட்டு, உள்ள ஒரு பலூன ஊதி, வால்வத் தொறந்து விட்டுருவாங்களாம். மூணாம் நாளு வீட்டுக்கு அனுப்பிருவாங்க. பயப்படாத புள்ள."

திங்கட்கிழமை அவனே கூட்டிப்போய்க் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். லீவு இல்லாததால் மறுநாளே திரும்பிவிட்டான். வியாழக்கிழமை அவளுக்குப் பலூன் சிகிச்சை நடந்தது. இன்று ஞாயிறு.

தாப்பாவில் பஸ்ஸை விட்டு இறங்கியவளைச் செல்லையாவுக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. உதட்டில் அந்த நீலம் இல்லை. பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எப்படிம்மா இருக்கே?"

"நல்லாருக்கேண்ணே. தொடையில எறும்பு கடிச்ச மாதிரி ஒரு தழும்பு, அவ்வளவுதான்."

வேன் மலை ஏறத் தொடங்கியதும், அவள் கேட்பதற்கு முன்பே செல்லையா சொல்லிவிட்டார். "இருளப்பன தொர கம்போங் ராஜா ஊருக்கு ஒரு வேலையா அனுப்பிருக்காரும்மா. வர ரெண்டு மூணு நாளாவும்."

"ம்" என்றாள் பவளம்.

வழியில் ரிங்லெட் ஊர் வரைக்கும் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு தானாகவே பேசினாள். "முழிச்சுக்கிட்டேதாண்ணே இருந்தேன். டிவி மாதிரி ஒண்ணுல என் நெஞ்சு துடிக்கிறது தெரிஞ்சுச்சு. பலூன ஊதுனப்ப எல்லாமே நின்னு போன மாதிரி இருந்துச்சு. அப்புறம் எங்கிருந்தோ மூச்சு வந்துச்சு."

மேற்கொண்டு அவள் எதையும் கேட்கவில்லை. செல்லையாவுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

வேன் நின்றதும் எண்பது படியையும் அவள் உட்காராமல் ஏறினாள். பின்னால் வந்த செல்லையாவுக்குத்தான் மூச்சு வாங்கியது. மேலே காத்திருந்த அம்மாக்கண்ணு, "வந்துட்டியா புள்ள" என்றவள், அடுப்பில் உலை கொதிக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

படி முடிகிற இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் லயம். வலப்பக்கம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை மலை உச்சிக்குப் போகும். பவளம் பையைக் கீழே வைத்துவிட்டு வலப்பக்கம் திரும்பினாள்.

"லயம் இந்தப் பக்கம்மா!"

"தெரியும்ணே."

அவள் நிற்கவில்லை. செல்லையா ஓடிப்போய்க் குறுக்கே நின்றார். "மய்யானத்துக்கு இப்ப எதுக்கும்மா? வீட்டுக்குப் போயிப் படு. ஒடம்பு…"

"அவரு போன கொழுந்து லோரி கவுந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்ணே" என்றாள் பவளம். "டிரெசர் போன் பண்ணப்ப, நர்சு மிஸ்ஸி என் கட்டிலுக்குப் பக்கத்துல நின்னுதான் பேசுனா. இருளப்பன் செத்துட்டாரான்னு மலாயில ரெண்டு தடவ திருப்பிக் கேட்டா. நான் தூங்குறேன்னு நெனச்சுட்டா."

உச்சியில் அவனைப் புதைத்த மண்ணில் இன்னும் ஈரம்கூடக் காயவில்லை. செல்லையாவின் கைகள் தாமாகக் கூப்பிக்கொண்டன.

"அது பொதன்கெழமையாச்சேம்மா! தெரிஞ்சுக்கிட்டேயா மறுநாளு போயி அந்தக் கட்டில்ல படுத்தே? ஒரு வார்த்த சொல்லியிருந்தா, காரு வச்சுக் கூட்டியாந்து, உன்னத் தோள்ல தூக்கிட்டுப் போயாவது கடைசியா அவன் மொகத்தக் காட்டியிருப்போமே!"

அவள் உச்சியைப் பார்த்தாள். அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் கண்ணில் வழிந்தது.

"நீங்க ஒருநாளு தூக்கிட்டுப் போவீங்க. அப்புறம் தெனமும் அந்த மேட்ட ஏறி அவரப் பாக்க, எனக்கு மூச்சு வேணாமாண்ணே?"