கிணற்றுச் சங்கு

கிணறு தோண்டும்போது முப்பதடியில் கல்லாகிப்போன சங்கு ஒன்று கிடைத்தது. "நோவா காலத்து வெள்ளம் கொண்டாந்தது," என்றார் உபதேசியார் தேவசகாயம். "கோடி வருஷத்துக்கு முன்னால இங்க கடல்தான்," என்றாள் அவர் மனைவி, உயிரியல் டீச்சர் எப்சிபா. அன்றிலிருந்து சங்கு ஞாயிறு அவரோடு கோயிலுக்கும் திங்கள் அவளோடு வகுப்புக்கும் போய்வந்தது.

ஒரு சனிக்கிழமை, மீன்குழம்பு ஊற்றும்போது கேட்டாள்: "வெள்ளம் வந்தா சங்கு எப்படிங்க சாகும்?"

அவர் மறுநாள் சங்கை எடுக்காமலே கோயிலுக்குப் போனார். ஜெயித்தும் எப்சிபாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மத்தியானம் திரும்பியவர் கையில் வேதாகமத்தோடு அவளுடைய பாடப்புத்தகமும் இருந்தது.

"மழைத்தண்ணி கலந்து உப்பு குறைஞ்சா கடல் சங்கு செத்துருமாமே? உன் புத்தகத்துலதான் போட்டிருக்கு."

எப்சிபா நேற்றைய குழம்பில் தனக்கென்று எடுத்துவைத்திருந்த மீன்தலையை அவர் தட்டில் வைத்தாள்.