சித்தப்பாவின் வாயை அடைத்த வரி

"சித்தப்பா வாயை அடைச்சது யாரு?"

மேலாளர் கேட்டபோது அறையில் யாரும் சிரிக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

சித்தப்பா என்பது ஒரு கருவிக்கு எங்கள் அணி வைத்த பட்டப்பெயர். ஆளாளுக்கு எழுதும் நிரல்களைச் சேர்த்து ஒரே செயலியாகக் கட்டித் தருவது அதன் வேலை. சும்மா கட்டாது. இதை எடுத்தேன், அதை வைத்தேன், இது பழசு, அது சரியில்லை என்று ஒவ்வொரு முறையும் நாலாயிரம் வரி திரையில் ஓடும்.

கல்யாண வீட்டில் நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்ட சித்தப்பா மாதிரி. யாரும் காது கொடுப்பதில்லை. அவரும் நிறுத்துவதில்லை.

மூன்று வாரத்துக்கு முன் அதில் ஒரு வரி சேர்ந்தது. பிழை என்றால் மட்டும் பேசு, எச்சரிக்கைகளை உனக்குள்ளேயே வைத்துக்கொள் என்று ஒரே ஒரு வரி. நாலாயிரம் பன்னிரண்டாகக் குறைந்தது. அணி மொத்தமும் அப்பாடா என்றது.

போன வியாழக்கிழமை வெளியான செயலியில் மணி அடிக்கவில்லை.

முதியவர்களுக்கு மாத்திரை வேளையை நினைவூட்டுகிற செயலி அது. மணி அடிக்காவிட்டால் அதற்கு வேறு வேலையே கிடையாது. 'மணிப் பகுதி கிடைக்கவில்லை, விட்டுவிட்டுக் கட்டுகிறேன்' என்று சித்தப்பா முறைப்படி எச்சரித்துத்தான் இருக்கிறார். அது யார் கண்ணிலும் படவில்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் ஒரு பெரியவர் ரத்த அழுத்த மாத்திரையை மறந்து குளியலறையில் மயங்கி விழுந்திருந்தார். இப்போது தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். அவருடைய மகள் எழுதிய கடிதம் மேசை நடுவில் கிடந்தது. அதைத் தொட யாருக்கும் கை வரவில்லை.

ஆறு பேருக்கான அறையில் ஒன்பது பேர். நான் சுவரோரம். வெளியே போக வேண்டுமென்றால் மூன்று பேர் எழுந்து நாற்காலியை நகர்த்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்துபோனவர்கள் எங்களைப் பார்த்ததும் நடையைக் கூட்டினார்கள்.

மேலாளர் அந்த வரியைப் பெரிய திரையில் போட்டார்.

எழுதிய நாளும் நேரமும் அதிலேயே இருந்தன. எழுதியவர் என்ற இடத்தில், எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரின் பெயர். ஒப்புதல் தந்தவர் என்ற இடத்தில் என் பெயர். ஒருவர் எழுதினால் இன்னொருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும். தானே எழுதித் தானே தலையாட்டிக்கொள்ள முடியாது. எங்கள் தொழிலில் அதுதான் அரிச்சுவடி.

எதிரே இருந்தவர் திரையை ஒரு முறை பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"நான்தான் மேடம்," என்றார்.

"ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கா?" சோதனைப் பிரிவுக்காரர் விடவில்லை. "திங்கக்கிழமை பதினோரு மணிக்கே கொட்டாவி விடற ஆளாச்சே நீங்க."

"தூக்கம் வரல. எழுந்து உக்காந்தேன்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. "மேலேருந்து ஒரு பேர் கேக்கறாங்க. நான் என்ன செய்ய? நாளைக்கு மடிக்கணினிய ஒப்படைச்சிடுங்க. இந்த வாரத்தோட முடிச்சுக்கலாம்."

அவர் சரி என்றார். கடைக்காரரிடம் மீதிச் சில்லறையை வாங்கிக்கொள்கிறவர் மாதிரி அவ்வளவு சாதாரணமாக.

பிறகு மேலாளர் என் பக்கம் திரும்பினார். குரல் இளகிவிட்டது. "நீங்க பயப்படாதீங்கம்மா. அனுபவஸ்தர்னு நம்பிக் கையெழுத்துப் போட்டுட்டீங்க. இனிமே யார் எழுதினாலும் வரிக்கு வரி படிங்க."

யாரோ என் பக்கம் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினார்கள். திட்டியிருந்தால் மூச்சாவது விட்டிருப்பேன்.

நான் வாயைத் திறந்தால் போவது ஒரு வேலையோடு நிற்காது. இரண்டும் போகும். திறக்காவிட்டால் ஒன்று. எந்தப் பக்கம் கூட்டினாலும் கணக்கு அவ்வளவுதான்.

"மேடம்," என்றேன்.

மேசைக்கு அடியில் ஒரு ஷூ என் காலை மெல்ல மிதித்தது. வேண்டாம் என்று.

"சொல்லுங்கம்மா."

"அந்த வரிய எழுதினது நான். அவர் அப்போ தூங்கிட்டு இருந்தார்."

"அவர் தூங்கினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேட்டு முடிப்பதற்குள் மேலாளருக்கே விடை புரிந்துவிட்டது. சோதனைப் பிரிவுக்காரர் திறந்த வாயை மூட மறந்தார்.

கணவனும் மனைவியும் ஒரே அணியில் இருக்கக் கூடாது என்பது இங்கே விதி. ஒருவர் வெளியூர்க் கிளைக்குப் போயாக வேண்டும். அதனால்தான் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டதை ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. அந்த ஞாயிறு, பதினோராவது நாள். எழுதிய வரிக்கு ஒப்புதல் தர ஆள் வேண்டியிருந்தது. அணியில் எல்லோரும் விடுமுறையில். பக்கத்தில் குறட்டை. அவருடைய மடிக்கணினியை மெத்தை மேலேயே இழுத்து வைத்து, அவர் கட்டைவிரலைப் பூப்போல எடுத்து அதில் பதித்துத் திறந்தேன். அவர் பெயரில் எழுதினேன், என் பெயரில் ஒப்புக்கொண்டேன். இரண்டே நிமிடம். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

காலை மிதித்திருந்த ஷூ விலகியது.

"தூங்கல மேடம்," என்றார் அவர், கடிதத்தைப் பார்த்தபடி. "விரலை எடுத்தப்பவே முழிச்சிட்டேன்."