ஒட்டிய சாயம்

கால்களுக்குச் சூடு தரும் கணப்பு மேசையின் ஒரு பக்கம் டொமோயே அம்மாள், எதிரே மருமகள் சாவோரி, சமையலறையை ஒட்டி மகள் ரிட்சுகோ. நான்காவது பக்கம் மகன் ஷூஹெய்யுடையது. அவன் இறந்த பிறகு அங்கே யாரும் உட்காருவதில்லை.

"முத்திரையைப் போடு," என்று படிவத்தை நகர்த்தினாள் டொமோயே. டயாலிசிஸ் ஊசி குத்திய கையில் கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை.

கணவனை இழந்தவள் அவன் வீட்டாரோடு உள்ள உறவை முறித்துக்கொள்ளும் படிவம் அது. நகராட்சியில் பதிந்துவிட்டால் சாவோரி இந்த வீட்டுக்கு யாரோ ஒருத்தி.

"நான் என்ன தப்பு பண்ணினேன், அத்தை?"

"நீ வைக்கிற மிசோ சூப்பு வாயில வைக்க விளங்கல."

"டாக்டர் சொன்னதால உப்பைக் குறைச்சேன்..."

"அதத்தான் சொல்றேன்."

பள்ளியில் வேதியியல் நடத்தும் ரிட்சுகோவால் பொறுக்க முடியவில்லை. "அம்மா, ஒரு சாயம் பருத்தியில பிடிக்கும், பாலியஸ்டர்ல பிடிக்காது. அதுங்களுக்குள்ள இருக்கிற நாட்டம் அது. காகிதத்துல எழுதி வரவைக்கவும் முடியாது, போகவைக்கவும் முடியாது. அண்ணி நம்மகிட்ட அப்படி ஒட்டினவங்க."

"பாடத்தைப் பள்ளிக்கூடத்துல வச்சுக்கோ. நகராட்சிக்குச் சாயம் தெரியாது, முத்திரைதான் தெரியும்."

"நான் போயிட்டா உங்களை ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போவாங்க?" சாவோரியின் குரல் உடைந்தது.

"ஊர்ல டாக்சி இல்லையா? நீ எனக்கு வேண்டாம். இதுக்கு மேல எப்படிச் சொல்றது?"

சாவோரி பையிலிருந்து, கையெழுத்துக்குப் பதிலாகப் போடும் தன் பெயர் முத்திரையை எடுத்தாள். அழுத்தினாள். யாரையும் பார்க்காமல் மாடிக்குப் போய்விட்டாள்.

டொமோயே படிவத்தை உறையில் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டி, கம்பளிச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தெருவில் இறங்கினாள். பனியில் வழுக்கி விழுந்துவிடுவாளோ என்று ரிட்சுகோ பின்னாலேயே ஓடினாள்.

முனையிலிருந்த சிவப்புத் தபால் பெட்டிக்குள் உறை விழும் சத்தம் கேட்டது.

"இப்ப திருப்தியா? கல்லும்மா நீ."

டொமோயே பெட்டியின் மேல் கையை ஊன்றி மூச்சு வாங்கினாள்.

"உன் கிட்னி எனக்குச் சேரலைன்னதும், உனக்கும் தெரியாம அவ போய் ரத்தம் கொடுத்துப் பார்த்திருக்கா. அச்சா பொருந்துதுன்னு நேத்து டாக்டர் சந்தோஷமா சொல்றார்," என்றாள். "சின்னப் பொண்ணு, ரிட்சுகோ, அவ. உசிரோட இருக்கறவங்ககிட்ட எடுக்கணும்னா, சொந்தக்காரங்களா இருந்தாத்தான் எடுப்பாங்களாம்."