வெடிக்காத வெடி

"இந்தத் தீபாவளிக்கு நம்ம தெருவுல பட்டாசே வேணாம்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. நீங்களும் போடணும் சார்" என்று தாளை நீட்டினாள் டீச்சர் அருணாதேவி.

ஆதிமூலம் சிரித்தார். "பட்டாசு இல்லாம தீபாவளியா? பத்து வயசுல நானும் சடையனும் வெடி மேல கொட்டாங்குச்சிய கவுத்து வெச்சுக் கொளுத்துவோம். எங்க ஊர்க் கோயிலோட பே கோபுரத்தையே தாண்டிப் போற மாதிரி பறக்கும்! எங்க வாசல்லதான் குப்பை ஜாஸ்தின்னு தெருவெல்லாம் பீத்திக்குவோம்."

பேசப் பேச அவர் முகத்தில் அந்தச் சின்னப் பையனே வந்து உட்கார்ந்துவிட்டான். இவரிடம் கேட்டது வீண் என்று அருணாதேவி தாளை மடித்தாள்.

"ஏன் மடிக்கிறீங்க? குடுங்கம்மா." வாங்கிக் கையெழுத்திட்டார்.

"உங்க சிநேகிதர் கோவிச்சுக்க மாட்டாரா சார்?"

அவர் சிரிப்பு நின்றது. "கடைசியா வெச்ச வெடி வெடிக்கல. 'கிட்டப் போய்ப் பாருடா'னு நான்தான் அவனை அனுப்பினேன்."

பிறகு உள்பக்கம் திரும்பி, "சடையா, டீச்சரம்மா வந்திருக்காங்க" என்றார்.

கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒருவர் சுவரைத் தடவியபடி வந்தார். "கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். நானும் போடறேன். எங்கடா போடணும்?"

ஆதிமூலம் அவர் விரல்களுக்குள் பேனாவை வைத்து, தன் பெயருக்குப் பக்கத்தில் மெல்லக் கொண்டுபோய் நிறுத்தினார்.