இடப்பக்கம்

பட்டினப்பாக்கம் கடற்கரையில் காலை வெயில் மீன்களின் முதுகில் பளபளக்கிறது. ஆபரேஷனில் இடது மார்பை எடுத்து நாலு மாசம் கழித்து, இன்றைக்குத்தான் தேசம்மா மறுபடி மீன் பலகைக்குப் பின்னால் நிற்கிறாள். போட்டிருப்பது பழைய ஜாக்கெட். முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொள்கிறாள். போனில் மகள் ஜெனிதா கேட்கிறாள், "யாராவது இன்னா ஏதுன்னு கேட்டாங்களாம்மா?"

"யாருக்கு இன்னா தெரியப் போவுது? எனக்கே நெனப்பு இல்ல. நீ வேலையப் பாரு."

எதிரே ஒரு கிழவர் வந்து சங்கரா என்ன விலை என்கிறார். இருபது வருஷப் பழக்கத்தில், செதில் ஒட்டிய கை அந்தப் பட்டன் போனை, கட் பண்ணக்கூட மறந்து, ஜாக்கெட்டின் இடப்பக்கம் செருகுகிறது. குனிந்து மீனைப் புரட்டுகிறாள். அங்கே போனைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. மரத்துப்போன தழும்பின் மேல் அது வழுக்கி இறங்குவது அவளுக்குத் தெரியவேயில்லை. ஐஸ் கட்டிகளுக்கு நடுவே விழுந்த சத்தத்தில்தான் நிமிர்கிறாள். கிழவர் பேரத்தை மறந்து பார்க்கிறார். பக்கத்துப் பலகையில் டயானாவின் கத்தி மீனின் பாதியில் நின்றுவிட்டது. தேசம்மாவின் கை மட்டும் ஜாக்கெட்டுக்குள் போய், அங்கே விரல் விரித்துத் தேடிக்கொண்டேயிருக்கிறது. ஐஸுக்குள்ளிருந்து ஜெனிதாவின் குரல் வருகிறது.

"இன்னாமா சத்தம்? இன்னா வுழுந்துச்சு?"